தளம் ரம்மிக்குப் போச்சு, கட்டுரை எங்கே போச்சு? ஓப்பன் ஆக்சஸ் மருத்துவ இதழ்கள் பற்றி ஒரு இழை

பாளை பிஜி (ஞாயிறு, இரவு 9.12)

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பொது மருத்துவம் பிஜி படிக்கிறேன். தீசிஸ் ஸ்க்ரப் டைபஸ் பற்றி, சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சல் அது. களக்காடு, அம்பாசமுத்திரம் பக்கத்து மலையடிவார ஊர்களிலிருந்து வந்த நோயாளிகளைப் பற்றி நம்மூர் டாக்டர்கள் எழுதிய கேஸ் சீரிஸ் ஒன்று, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்திருக்கிறது. பிறகு வந்த கட்டுரைகளில் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். எனக்குத் தெரிய வந்ததே அப்படித்தான்.

ஓப்பன் ஆக்சஸ் இதழ். யாரும் காசில்லாமல் படிக்கலாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்களாம். இப்போது அந்த முகவரியைத் தட்டினால் ஆன்லைன் ரம்மி வருகிறது. கட்டுரைக்கென்று கொடுக்கும் அடையாள எண்ணான டிஓஐ-யைப் போட்டாலும் நேரே ரம்மிதான். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட்டில் அந்த இதழே இல்லை. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பொருளடக்கப் பக்கம் மட்டும் மாட்டியிருக்கிறது. ஆசிரியர்கள் பெயர், பக்க எண் எல்லாம் தெரிகிறது, பிடிஎஃப் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் இல்லை. மூலத்தைக் கண்ணால் பார்க்காமல் மேற்கோள் போடக் கூடாது என்கிறார் கைடு. அவர் சொல்வதும் நியாயம்.

யாரிடமாவது அந்தக் கட்டுரை இருக்குமா? அப்புறம் ஒரு சந்தேகம். டிஓஐ இருந்தால் நிரந்தரம் என்றுதானே எல்லா இதழும் சொல்கிறது?

நேர்வழி (ஞாயிறு, இரவு 9.40)

பிரிடேட்டரி இதழாக, அதாவது காசுக்குக் கட்டுரை போடும் மோசடி இதழாக இருந்திருக்கும். காசை வாங்கிக்கொண்டு கடையைக் கட்டியிருப்பார்கள். அதை விட்டுவிட்டு வேறு மேற்கோள் பாருங்கள்.

புத்தக அலமாரி (ஞாயிறு, இரவு 10.25)

நேர்வழி சார், அவசரப்படாதீர்கள். அந்த இதழ் எனக்குத் தெரியும். எழுதுகிறவர்களிடம் ஒரு பைசா வாங்கியதில்லை. சங்கத்து உறுப்பினர் சந்தாவில்தான் ஓடியது. காணாமல் போன இதழ் எல்லாம் மோசடி இதழ் என்று நினைப்பது ரொம்ப வசதியான எண்ணம். லாக்சோ, மத்தியாஸ், யான் என்ற மூன்று பேர் இதைத் தேடி எண்ணியிருக்கிறார்கள். 2000 முதல் 2019 வரைக்குள் 174 ஓப்பன் ஆக்சஸ் இதழ்கள் இணையத்தை விட்டே மறைந்திருந்தன. எல்லாத் துறையிலும் உண்டு, எல்லாக் கண்டத்திலும் உண்டு. அவர்கள் கண்ணில் படாமல் போனவை எத்தனையோ.

பாளை பிஜி, உங்கள் டிஓஐ சந்தேகத்துக்கு வருகிறேன். டிஓஐ கட்டுரையை வைத்திருப்பதில்லை. இந்த எண்ணுக்கு இந்த முகவரி என்று ஒரு பதிவேட்டில் எழுதி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். நம் துறையில் அந்தப் பதிவேட்டைப் பெரும்பாலும் க்ராஸ்ரெஃப் நடத்துகிறது. தளம் இடம் மாறினால் புதிய முகவரியை அங்கே எழுத வேண்டியது பதிப்பாளர் பொறுப்பு. பதிப்பாளர் டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டு, ரம்மிக்காரன் அதை ஏலத்தில் எடுத்துவிட்டான் என்றால் டிஓஐ தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. பழைய முகவரிக்கு உங்களை ஒழுங்காகக் கொண்டுபோய் விடுகிறது.

மார்ட்டின் ஈவ் என்பவர் 2024-இல் டிஓஐ உள்ள 70 லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைச் சோதித்தார். அவற்றில் ஏறக்குறைய 28 சதவீதம் பெரிய ஆவணக் காப்பகங்கள் எதிலும் இல்லை. எண் இருக்கிறது, பத்திரமான பிரதி இல்லை.

வகுப்பறை (ஞாயிறு, இரவு 11.05)

நான் உதவிப் பேராசிரியர். எங்கள் டிபார்ட்மென்டில் கட்டுரை போடுகிற யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்று: "இது ப்ரமோஷனுக்குச் செல்லுமா?"

தேசிய மருத்துவ ஆணையம் (என்எம்சி) 2022-இல் போட்ட ஆசிரியர் தகுதி விதியில் மெட்லைன், பப்மெட் சென்ட்ரல், ஸ்கோபஸ் வரிசையில் டிஓஏஜே-யும் இருந்தது. அதனால் டிஓஏஜே-யில் இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் சரி, அனுப்பு. டிஓஏஜே என்பது தரம் பார்த்துச் சேர்க்கிற ஒரு பட்டியல். 2003-இல் ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கட்டுரையைச் சேமித்து வைக்கும் இடமாக அதை யாரும் உருவாக்கவில்லை. இதழை நிரந்தரமாக எங்கே பாதுகாக்கிறீர்கள் என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. எங்கும் இல்லை என்று எழுதினாலும் அதற்காக மட்டும் தள்ளிவிட மாட்டார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கூட இதில் உளறுகிறார்கள். பப்மெட் தேடுபொறி, அங்கே கட்டுரைச் சுருக்கம் இருக்கும். பப்மெட் சென்ட்ரல் வேறு. 2000-இல் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் தொடங்கிய முழுக்கட்டுரைக் காப்பகம் அது. பப்மெட்டில் பெயர் வந்துவிட்டால் கட்டுரையும் அங்கே பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம் கிடையாது.

முருகன்குறிச்சி டிடிபி (திங்கள், காலை 7.50)

நான் டாக்டரும் இல்லை, படித்தவனும் இல்லை. ஆனால் அந்த இதழை வருஷக்கணக்கில் பக்கம் போட்டவன் நான்தான், அதனால் எழுதுகிறேன்.

இணையதளத்தைப் பார்த்துக்கொண்டது சங்கத்தில் ஒரு இளைய டாக்டர். டொமைன் அவர் பெயரில், அவர் சொந்த ஈமெயிலில். அவர் மேல்படிப்புக்கு வெளிநாடு போனார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதம் எல்லாம் அந்தப் பழைய பெட்டியில் கிடந்திருக்கும், யார் பார்த்தது? சங்கத்து அலுவலகம் ஸ்ரீபுரம் பக்கம், தரைத்தளம். பழைய இதழ் முழுக்க ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. அதன் பேக்கப் ஒரு ஹார்ட் டிஸ்கில். அந்த டிஸ்கும் அதே அறையில் ஸ்டீல் பீரோவின் கீழ்த்தட்டில். 2023 டிசம்பர் 17, 18 மழை உங்களுக்கே தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. நெல்லை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே முங்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பீரோவைத் திறந்தால் கீழ்த்தட்டில் சேறு. கம்ப்யூட்டரும் போச்சு, பேக்கப்பும் போச்சு.

என்னிடம் அந்த வருஷத்து இதழைப் பக்கம் போட்ட பேஜ்மேக்கர் ஃபைல்கள் சில இருக்கின்றன. ஆனால் அதைத் திறக்க ஆள் வேண்டும். பேஜ்மேக்கர் 7.0-வோடு அந்த மென்பொருளே நின்றுவிட்டது. அதற்கு அடுத்து வந்த இன்டிசைன் சிஎஸ்6 வரை அந்த ஃபைலைத் திறக்கும், அதற்குப் பிறகு வந்த சிசி திறக்காது. எங்கள் கடையில் இப்போது சிசிதான் ஓடுகிறது. திறந்தாலும் படம் வராது. படமெல்லாம் தனி டிஃப் ஃபைல், ஒன்று இரண்டு சிடியில் இருந்தது. அந்த லிங்க் அறுந்தால் படத்துக்குப் பதில் மங்கலாக ஒரு கட்டம்தான் தெரியும். எக்ஸ்ரே, தோல் படம் எல்லாம் உள்ள இதழ், படமில்லாமல் என்ன பிரயோஜனம்.

பாளை பிஜி (திங்கள், காலை 8.15)

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. அந்தக் கட்டுரையில் எஸ்கார் படங்கள் இருப்பதாகப் பொருளடக்கத்தில் போட்டிருக்கிறது. பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது மாதிரி கறுப்பாகப் பொருக்கு கட்டுமே, அது. நம் நோயாளிகளின் மாநிறத் தோலில் அது எப்படித் தெரிகிறது என்பதற்காகவே அந்தக் கட்டுரை எனக்கு வேண்டும். பாடப்புத்தகத்தில் வெள்ளைத் தோல் படம்தான். இங்கே வார்டில் அதைத் தேடினால் பாதி நேரம் மச்சமா தழும்பா என்று குழம்புகிறோம். அதுவும் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் என்று ஒளிந்துகொண்டிருக்கும்.

சித்தமருந்து (திங்கள், பகல் 1.30)

சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த எங்களுக்கு இது பழகிய கதை. ஓலை ஏட்டில் இருந்த வாகடம், அதாவது மருத்துவ நூல், நூறு இருநூறு வருஷத்துக்கு ஒருமுறை புது ஓலையில் படி எடுக்கப்பட்டால்தான் பிழைத்தது. படி எடுக்க ஆள் இல்லாத வீட்டில் செல்லரித்துப் போனது, இல்லை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போனது. ஒரே வீட்டில் ஒரே சுவடியாக இருந்த நூல் பெரும்பாலும் நம் கைக்கு வரவில்லை. நாலு ஊரில் நாலு பேர் வைத்திருந்ததுதான் அதிகம் வந்தது. கம்ப்யூட்டர் வந்தும் அதே கணக்குதானா?

புத்தக அலமாரி (திங்கள், மாலை 6.45)

அதே கணக்குதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகம் 1999-இல் லாக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியதே 'நிறையப் பிரதி இருந்தால் பொருள் தப்பிக்கும்' என்ற நம்பிக்கையில்தான். வெவ்வேறு நூலகங்களில் உள்ள கணினிகள் ஒரே இதழின் பிரதியை ஆளுக்கொன்று வைத்திருக்கும்.

சித்தமருந்து சார், உங்களுக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். பிரதி வைத்திருந்தால் மட்டும் போதாது, ஏடு பெயர்த்தெழுதியவர் கை தவறியது மாதிரி டிஸ்கிலும் பிட் கெடும். அதனால் இந்தக் கணினிகள் அவ்வப்போது தங்கள் பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும். சுவடிப் பதிப்பாசிரியர் பல ஏடுகளை வைத்துப் பாடபேதம் பார்ப்பாரே, அதே வேலை. ஒன்றில் மட்டும் வித்தியாசம் வந்தால், மற்றவை ஒத்துச் சொல்வதை வைத்து அந்த ஒன்றைத் திருத்திக்கொள்ளும். யாரும் உட்கார்ந்து படிக்க வேண்டாம்.

இதிலிருந்து வந்ததுதான் க்ளாக்ஸ். உலகில் 12 இடங்களில் பிரதி இருக்கும், ஆனால் பூட்டி வைத்திருப்பார்கள். பதிப்பாளர் கைவிட்டு, இதழ் வேறெங்கும் கிடைக்காமல் போனால் பூட்டைத் திறந்து எல்லோருக்கும் இலவசமாக விட்டுவிடுவார்கள். சேஜ் பதிப்பகம் நிறுத்திய 'கிராஃப்ட்' என்ற உறுப்பு மாற்று மருத்துவ இதழ் அப்படித் திறக்கப்பட்டவற்றில் ஒன்று. போர்ட்டிகோ என்று இன்னொன்றும் உண்டு. எந்த இதழ் எந்தக் காப்பகத்தில் எந்த வருஷம் முதல் இருக்கிறது என்பதை இதழ்களுக்கு ஐஎஸ்எஸ்என் என்ற அடையாள எண் கொடுக்கும் அமைப்பின் தலைமையகம் நடத்தும் கீப்பர்ஸ் பதிவேட்டில் ஐஎஸ்எஸ்என் எண்ணைப் போட்டு யாரும் பார்க்கலாம். பாளை பிஜி சொல்லும் இதழைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை.

நேர்வழி (திங்கள், இரவு 8.20)

சரி, மோசடி இதழ் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டணம் வாங்கும் மோசடிக் கூட்டம் நம் நாட்டில் கொஞ்சமா? ஹைதராபாத்தில் இருந்து இயங்கிய ஒரு நிறுவனத்துக்கு 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட குப்பையையும் 12 இடத்தில் பிரதி எடுத்துக் காப்பாற்ற வேண்டுமா?

வகுப்பறை (திங்கள், இரவு 8.55)

குப்பையா இல்லையா என்று நாளைக்கு யார் தீர்மானிப்பது? தப்பான கட்டுரையும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும், தப்பு என்ற முத்திரையோடு. எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டு கட்டுரை 1998-இல் லான்செட்டில் வந்தது. 2010-இல் திரும்பப் பெற்றார்கள். இன்றைக்கும் லான்செட் தளத்தில் அது கிடைக்கும், பக்கத்துக்குப் பக்கம் 'திரும்பப் பெறப்பட்டது' என்று குறுக்கே அச்சிட்டு. அதை அழித்திருந்தால் தடுப்பூசிக்கு எதிராகப் பேசுகிறவன் என்ன சொல்வான்? மறைத்துவிட்டார்கள் பார் என்பான்.

நம் ஊர்ச் சின்ன இதழ்களில் நடப்பது நேர்மாறு. யாராவது புகார் சொன்னால் ஆசிரியர் பிடிஎஃப்பைச் சத்தமில்லாமல் தூக்கிவிடுவார், இல்லை திருத்திய பிடிஎஃப்பை அதே பெயரில் ஏற்றிவிடுவார். ஒரு சொல் அறிவிப்பு இருக்காது. மேற்கோள் போட்டவன் எதைப் படித்தான் என்று யாருக்கும் தெரியாது. ரம்மித் தளத்தை விட இதுதான் எனக்கு ஆத்திரம்.

சங்கத்துக்காரர் (திங்கள், இரவு 10.10)

நான் வேறொரு சங்கத்தின் இதழைக் கவனிக்கிறேன். இங்கே எல்லோரும் எளிதாகப் பேசுகிறீர்கள். ஓபி முடித்து ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் நான் இதழ் வேலைக்கு உட்காருகிறேன். ஆசிரியர், மெய்ப்புப் பார்ப்பவர், தபால் அனுப்புகிறவர் எல்லாம் நானே. க்ராஸ்ரெஃபுக்கு வருஷச் சந்தா, அது போக ஒவ்வொரு புதுக் கட்டுரைக்கும் ஒரு டாலர். பப்மெட் சென்ட்ரலுக்கு வெறும் பிடிஎஃப் போதாது, ஜாட்ஸ் என்ற எக்ஸ்எம்எல் வடிவில் முழுக்கட்டுரையையும் கொடுக்க வேண்டும். தலைப்பு எது, அட்டவணை எது, மேற்கோள் எது என்று ஒவ்வொன்றுக்கும் குறி போட வேண்டும். அதற்கு வெளியில் ஆள் வைத்தால் பக்கக் கணக்கில் காசு கேட்கிறார்கள். எழுதுகிறவர்களிடம் கட்டணம் வாங்கலாம் என்றால் உடனே 'பிரிடேட்டரி' என்று நேர்வழி சாரே வந்து எழுதுவார்!

அரசாங்கம் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ஒதுக்கியிருக்கிறது. 30 பெரிய பதிப்பாளர்களின் 13,000 இதழ்களை அரசுக் கல்லூரிகள் படிக்கலாம். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல நான் யார். அதில் ஒரு துளியை நம்ம சங்க இதழ்களைப் பாதுகாக்க ஒதுக்கியிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

புத்தக அலமாரி (செவ்வாய், காலை 6.30)

டாக்டர், உங்கள் கோபம் நியாயம். ஆனால் காசில்லாமல் ஆகிற வேலையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் இதழ் ஓஜேஎஸ் என்ற, இதழ் நடத்தும் மென்பொருளில்தானே ஓடுகிறது? அதை உருவாக்கிய பிகேபி அமைப்பே லாக்ஸ் முறையில் ஒரு பாதுகாப்பு வலையமைப்பு நடத்துகிறது. ஓஜேஎஸ் 3.1.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு, ஒரு ஐஎஸ்எஸ்என், வெளியான கட்டுரை ஒன்றாவது, இவ்வளவு இருந்தால் போதும். உள்ளே போய் அந்த ப்ளக்இன்னை இயக்கி, விதிமுறைக்குச் சம்மதம் என்று குறி போட்டால் அப்புறம் ஒவ்வொரு இதழும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். கட்டணம் கிடையாது, எக்ஸ்எம்எல் மாற்றமும் வேண்டாம். எழுதுகிறவர்களிடம் கட்டணம் வாங்காத டிஓஏஜே இதழ்களுக்கு ஜாஸ்பர் என்றே ஒரு திட்டம் இருக்கிறது. டிஓஏஜே, க்ளாக்ஸ், இன்டர்நெட் ஆர்க்கைவ், பிகேபி எல்லாம் சேர்ந்து 2020-இல் தொடங்கியது.

மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு, அதாவது வான்கூவர் பாணி என்று நாம் மேற்கோள் எழுதுகிறோமே, அதோடு சேர்த்துச் சொல்லப்படும் குழு, அவர்களுடைய வழிகாட்டியே இந்தக் காப்பகம் பதிப்பாளர் கையில் இருக்க வேண்டாம், நூலகம் மாதிரி மூன்றாவது ஆள் கையில் இருக்கட்டும் என்கிறது. ஒரு இடத்தோடு நிற்காமல் பல இடத்தில் வையுங்கள் என்றும் சொல்கிறது. கனடா அரசு நடத்திய பப்மெட் சென்ட்ரல் கனடா 2018-இல் மூடப்பட்டது. அங்கே இருந்த கட்டுரைகள் அமெரிக்கக் காப்பகத்திலும் ஐரோப்பியக் காப்பகத்திலும் இருந்ததால் யாரும் அழவில்லை.

இன்னொன்று. உங்கள் இதழில் அடியில் 'அனைத்து உரிமைகளும் சங்கத்துக்கே' என்று போடுகிறீர்கள், மேலே 'ஓப்பன் ஆக்சஸ்' என்றும் போடுகிறீர்கள். இரண்டும் சேராது. இலவசமாகப் படிக்க விட்டால் மட்டும் யாரும் அதைப் பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்க முடியாது. யாரும் பிரதி எடுக்க அனுமதிக்கும் சிசி பை என்ற உரிமம் போட்டிருந்தால் பாளை பிஜி தேடும் கட்டுரையை எந்தக் கல்லூரி நூலகமும், ஏன், எழுதிய டாக்டரே கூட யாரையும் கேட்காமல் ஸெனோடோவில் ஏற்றியிருக்கலாம். ஸெனோடோ ஐரோப்பாவில் செர்ன் ஆய்வகம் நடத்தும் இலவசக் களஞ்சியம். எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் சிசி பை கேட்கும் நிபந்தனை.

வண்ணார்பேட்டை பழையவர் (செவ்வாய், பகல் 2.40)

பேரன் சொல்லித்தான் இந்த இழையைப் பார்த்தேன். அந்த இதழின் அச்சுப் பிரதிகள் என் கிளினிக் மாடியில் இருக்கின்றன. மாடி என்பதால் தப்பின. வருஷ வாரியாக பைண்டு போட்டு வைத்த ஒரே கிறுக்கன் நான்தான் போலிருக்கிறது. ஸ்க்ரப் டைபஸ் கட்டுரை உள்ள தொகுதியும் இருக்கிறது. இன்று காலைதான் எடுத்துப் பார்த்தேன். எழுதியவர்களில் முதல் பெயர்க்காரர் தென்காசிப் பக்கம் ஓய்வில் இருக்கிறார். போனில் பேசிவிட்டேன். "எடுத்து எல்லாருக்கும் கொடும் வே" என்றார்.

ஆனால் ஒன்று. படங்களில் ஒன்று ஒரு பெண்ணின் கழுத்தும் முகமும். கண்ணில் கறுப்புப் பட்டை ஒட்டியிருக்கிறார்கள். அடியில் வயது, பீடி சுற்றும் தொழில், ஊர்ப் பெயர். அந்த ஊரில் நூறு வீடு இருந்தால் அதிகம். பட்டையைத் தாண்டி யார் என்று அந்த ஊர்க்காரன் சொல்லிவிடுவான். அச்சில் வந்தது ஐநூறு டாக்டர் கைக்குப் போனது. இணையத்தில் போட்டால்?

வகுப்பறை (செவ்வாய், மாலை 4.05)

நல்ல கேள்வி ஐயா. கண்ணில் பட்டை ஒட்டினால் அடையாளம் மறைந்துவிடாது என்று அந்த வான்கூவர் குழுவே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நோயாளியிடம் எழுத்தில் சம்மதம் வாங்கும்போது, இது அச்சில் மட்டுமில்லாமல் இணையத்திலும் வரக்கூடும் என்று சொல்ல வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. அந்தக் காலத்துச் சம்மதப் படிவத்தில் இணையம் என்ற சொல்லே இருந்திருக்காது.

இங்கே எனக்கும் புத்தக அலமாரி அக்காவுக்கும் சண்டை வரும். காப்பகத்தில் ஏறியது இறங்காது என்பதுதான் அதன் பெருமை. நோயாளி பக்கம் நின்று பார்த்தால் அதுவே ஆபத்து. 12 இடத்தில் பிரதி போன பிறகு அந்தப் பெண் வந்து என் படத்தை எடுங்கள் என்றால் யாரிடம் போவாள்?

புத்தக அலமாரி (செவ்வாய், மாலை 5.20)

சண்டை வராது. ஏற்றும் முன் யோசிக்க வேண்டிய விஷயம் இது, ஏற்றிய பிறகு வம்பு. அந்த ஒரு படத்தையும் ஊர்ப் பெயரையும் மறைத்து, 'நோயாளியின் அடையாளம் காக்க இந்தப் படம் நீக்கப்பட்டது' என்று அதே இடத்தில் எழுதி வையுங்கள். அச்சில் இருந்தது என்பதை மறைக்காதீர்கள். சத்தமில்லாமல் தூக்குவதுதான் தப்பு, சொல்லிவிட்டுத் தூக்குவது முறைதான். மற்ற எஸ்கார் படங்கள் தோல் மட்டும்தானே, அவை இருக்கட்டும். பாளை பிஜிக்கு வேண்டியதும் அவைதான்.

ஐயா, ஸ்கேன் செய்யும்போது அந்தக் கட்டுரையை மட்டும் கிழித்தெடுத்த மாதிரி எடுக்காதீர்கள். அட்டை, ஆசிரியர் குழுப் பக்கம், பொருளடக்கம், மருந்துக் கம்பெனி விளம்பரம் வரை முழு இதழையும் எடுக்க வேண்டும். எந்த மாதம், எந்த வருஷம், யார் ஆசிரியர் என்பதற்குப் பின்னால் ஆதாரம் அதுதான். மொபைலில் வேண்டாம், நடுவில் வளையும். பைண்டிங்கைப் பிரிக்க மனம் வராது என்று தெரியும். பிரிக்காமல் மேலிருந்து எடுக்கும் ஸ்கேனர் ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிறது, நான் பேசிப் பார்க்கிறேன். எழுத்துப் பக்கத்துக்கு 300 டிபிஐ போதும், படப் பக்கத்துக்கு 600 வையுங்கள். சேமிக்கும்போது பிடிஎஃப்-ஏ என்று தேர்ந்தெடுங்கள். ஃபாண்ட் எல்லாம் ஃபைலுக்குள்ளேயே அடங்கிவிடும், டிடிபி அண்ணாச்சியின் பேஜ்மேக்கர் கதி வராது.

முருகன்குறிச்சி டிடிபி (செவ்வாய், இரவு 7.15)

கம்பெனி விளம்பரத்தையும் எடுங்கள் என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த விளம்பரம் இல்லாவிட்டால் இதழே வந்திருக்காது. பின் அட்டை விளம்பரம் வராத காலாண்டில் அச்சகத்துக்குப் பாக்கி வைத்தவர்கள் அவர்கள்.

தோல் படங்களின் டிஃப் சிடி ஒன்று கிடைத்தது, மேலே பூஞ்சை. டிரைவில் போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாளை வேறு டிரைவில் பார்க்கிறேன்.

வண்ணார்பேட்டை பழையவர் (செவ்வாய், இரவு 9.30)

இன்னொரு சிக்கல். கட்டுரையை இப்போது நிதானமாகப் படித்தேன். சிகிச்சை அட்டவணையில் டாக்சிசைக்ளின் '1000 மிகி, இரு வேளை' என்று அச்சாகியிருக்கிறது. 100 என்பதில் ஒரு சைபர் கூடிவிட்டது. டாக்டர் யாரும் அப்படி எழுதிக் கொடுக்க மாட்டார், ஆனால் மாணவர் யாராவது அட்டவணையை அப்படியே பெயர்த்து எழுதினால்? அடுத்த இதழில் பிழைதிருத்தம் போட்டதாக எனக்கு ஞாபகம். அந்த அடுத்த இதழ் என் பைண்டிங்கில் இல்லை. அந்த வருஷம் கடைசிக் காலாண்டு இதழ் எனக்குத் தபாலில் வந்து சேரவில்லை.

வகுப்பறை (செவ்வாய், இரவு 9.50)

பாருங்கள், கட்டுரை கிடைத்தும் பாதிதான் கிடைத்திருக்கிறது. ஒழுங்கான இதழில் திருத்தத்துக்குத் தனி டிஓஐ இருக்கும், மூலக் கட்டுரையின் பக்கத்திலேயே அதற்கு இணைப்பும் இருக்கும். படிக்கிறவன் தேடிப் போக வேண்டாம். அச்சில் அது மூன்று மாதம் தள்ளி, வேறு இதழில், ஏதோ ஒரு பக்கத்தின் அடியில் நாலு வரி.

பாளை பிஜி, ஸ்கேன் வந்ததும் நீங்கள் அந்த அட்டவணையைத் தொடாதீர்கள். எஸ்கார் எங்கெங்கே இருந்தது என்ற பகுதியை மட்டும் மேற்கோள் காட்டுங்கள். ஸெனோடோவில் ஏற்றுகிறவர் விவரக் குறிப்பில் 'சிகிச்சை அட்டவணையில் அச்சுப்பிழை உள்ளது, திருத்தம் அடுத்த இதழில்' என்று மறக்காமல் எழுத வேண்டும்.

பாளை பிஜி (செவ்வாய், இரவு 10.20)

சரி சார். ஐயாவுக்கும் அக்காவுக்கும் அண்ணாச்சிக்கும் நன்றி. வியாழன் மதியம் எனக்கு ட்யூட்டி இல்லை, தொகுதியை நானே வண்ணார்பேட்டையிலிருந்து வாங்கி ஸ்கேனருக்குக் கொண்டு போகிறேன். எங்கள் டிபார்ட்மென்டில் அடுத்த கட்டுரை அனுப்பப்போகிற மூன்று இதழ்களையும் கீப்பர்ஸ் பதிவேட்டில் போட்டுப் பார்த்தேன். இரண்டு இருக்கிறது. ஒன்று இல்லை, ப்ரமோஷனுக்குச் செல்லும் என்று சீனியர்கள் சொல்கிற அதே இதழ்.

சங்கத்துக்காரர் (செவ்வாய், இரவு 11.40)

அந்த ப்ளக்இன்னை இப்போதுதான் திறந்தேன். எங்கள் ஓஜேஎஸ் 2.4. முதலில் அதை மேம்படுத்த வேண்டுமாம். யாருக்காவது 2.4-இலிருந்து 3-க்கு மாற்றிய அனுபவம் இருக்கா? பழைய இதழ் எல்லாம் அப்படியே வருமா? பொதுக்குழு அடுத்த மாசம், அதற்குள் செலவு எவ்வளவு என்று சொன்னால் வைக்கலாம். உரிமம் மாற்றும் தீர்மானத்தையும் சேர்த்தே வைக்கிறேன். அதற்கு எதிர்ப்பு வரும்.

சித்தமருந்து (புதன், காலை 6.05)

கடைசிக் காலாண்டு இதழ் கோவில்பட்டியில் ஒரு டாக்டர் வீட்டில் இருக்க வாய்ப்பு உண்டு. அவர் எங்கள் மாமாவுக்கு நண்பர். விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.

மட்டுறுத்துநர் (புதன், காலை 9.00)

ஓஜேஎஸ் மேம்படுத்தும் கேள்வியைத் தொழில்நுட்பப் பிரிவுக்கு நகர்த்தியிருக்கிறேன். ஸ்கேன் கோப்புகளை யாரும் இங்கே நேரடியாக இணைக்க வேண்டாம். படத்தை மறைத்த பிறகு ஸெனோடோ இணைப்பை மட்டும் போடுங்கள். நோயாளியின் ஊர், தொழில் விவரம் உள்ள பதிவில் இருந்து அந்த வரியை நீக்கும்படி வண்ணார்பேட்டை ஐயாவுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.